அம்மாவின் கண்ணும் வரி நெல்லும்

இந்த ரெண்டாம் போகத்திலும் கீழ்வயலில் வரி ஏறினால் நெல்லை நிறுத்திவிட்டுத் தென்னை வைத்துவிடுவது என்று அப்பா ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே அறிவித்தார். அம்மா அடுப்படியிலிருந்து, "வாயைக் கொப்புளிச்சுட்டுப் பேசச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அப்பா கொப்புளித்துவிட்டு அதையே மறுபடி சொன்னார்.

வரி என்று எங்கள் எலப்புள்ளிப் பக்கம் சொல்வது ஒரு களையை. அதுவும் நெல் சாதிதான். நெல் மாதிரி முளைக்கும், நெல் மாதிரி தூர் கட்டும், நம் உரத்தைத் தின்றுவிட்டு நெல்லைவிட ஒரு பிடி உயரமாக நிற்கும். கதிர் வந்தபிறகுதான் மணி நுனியில் நீளமான மீசை தெரியும், அதற்குள் காரியம் முடிந்திருக்கும். நெல் அறுப்புக்குக் காத்திருக்கும்போது வரி மட்டும் தன் மணியைச் சேற்றில் உதிர்த்துவிட்டு வெறும் கதிரோடு நிற்கும். அடுத்த போகத்துக்கு அதுவே விதைத்துக்கொண்டாயிற்று. செலவில்லாத விவசாயம்.

மேட்டு நிலமெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தென்னைதான். கீழ்வயல் ஒன்றுதான் நெல். அதுவும் போனால் அம்மா இறங்குவதற்கு வயல் இல்லை. கீழ்வயலைப் பற்றி அப்பா பேசுவது விளைச்சலை வைத்து. அம்மாவுக்கு அது காலையில் போய் மத்தியானம் திரும்புகிற இடம்.

"தென்னைக்கு மாறினா உனக்கும் கொஞ்சம் ஓய்வாச்சு" என்றார் அப்பா.

"தென்னையில களை பறிக்கோணும்னா நான் ஏணி வெச்சு ஏறோணுமாக்கும்?" என்று அம்மா கேட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சு சாப்பாடு முடியும்வரை இல்லை.

களை பறிப்பில் அம்மாவுக்குப் பெயர் உண்டு. நெல்லும் வரியும் விரல் நீளத்தில் இருக்கும்போதே இது இன்னது என்று சொல்லிவிடுவார். பக்கத்து வயல்காரர்கள் சந்தேகம் வந்தால் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். அம்மா அதை வாங்கக்கூட மாட்டார். பார்த்துவிட்டு, "வரி" என்பார். அல்லது, "போங்க, போயி திருப்பி ஊனுங்க" என்பார். நெல்லைத் தவறிப் பிடுங்கிவிட்டால் வரப்பில் எறியக் கூடாது, பிடுங்கிய கையாலேயே ஊன்றிவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது சட்டம். எனக்கும் சின்ன வயதிலேயே சேற்றுக் கையைக் கண்ணில் ஒற்றி ஒற்றிக் கண் சிவந்திருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். தாண்டிய வேகத்தில் தாவரவியலில் டிகிரி வரை போய்விட்டேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு தினக்கூலி ஆசிரியர். என் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் அப்பா, "செடியப் பத்திப் படிச்சிருக்கான். நமக்கு வேண்டிய செடியப் பத்தி இல்ல" என்பார். அதில் குறை எதுவும் இல்லை, தகவல்தான்.

அப்பா தென்னை என்று அறிவிப்பதற்கு முந்தின போகத்தில், வகுப்பில் பரிணாமப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே இனத்தில் எந்த ரெண்டும் அச்சடித்த மாதிரி இருக்காது. ஒன்று கொஞ்சம் உயரம், ஒன்று கொஞ்சம் கறுப்பு, ஒன்று வெயில் தாங்கும். அந்த வித்தியாசத்தில் சில பிள்ளைகளுக்கும் போகும். ஆபத்து வரும்போது எது தப்பிக்கிறதோ அதன் பிள்ளைகள் அடுத்த தலைமுறையில் கூடுதலாக இருக்கும். இது இப்படியே நடந்துகொண்டிருந்தால் இனமே மாறிப்போகும். அவ்வளவுதான் பாடம். பரீட்சையில் பாதிப் பேர், "பூச்சி கஷ்டப்பட்டுத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது" என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பூச்சியும் கஷ்டப்படவில்லை, நிறம் சரியாக இல்லாத பூச்சியைக் குருவி தின்றுவிட்டது என்று எல்லாத் தாளிலும் சிவப்பு மையில் எழுதினேன். கஷ்டப்பட்டது நான்தான்.

அந்தத் தாள்களைத் திருத்தி முடித்த சாயங்காலம் கீழ்வயலுக்குப் போனேன். அம்மாவும் அத்தையும் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அம்மாவை நங்கை என்று கூப்பிடுகிறவர். பக்கத்து வீடு. களை பறிப்பதற்குப் பாதி, பேசுவதற்குப் பாதி என்று வருவார்.

அம்மா ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். "இங்க பாரு, அடித்தண்டுல செவப்பு. இது வரி. முன்னெல்லாம் எல்லா வரிக்கும் இப்பிடித்தான் செவப்பா இருக்கும், தூரத்துல இருந்தே தெரியும். இப்பப் பாரு, முக்காவாசிக்குச் செவப்பே இல்ல. பச்சையா, நெல்லாட்டவே நிக்குது. வேஷம் போடக் கத்துக்கிச்சு கண்ணு."

சிவப்பு மை இன்னும் விரலில் இருந்தது. நான் சொன்னேன்: "அது ஒண்ணும் கத்துக்கல்லீங்கம்மா. எல்லா வரியும் ஒரே மாதிரி செவப்பு இல்ல. ஒண்ணு ரெண்டு முதல்ல இருந்தே பச்சையாத்தான் இருந்திருக்கும். நீங்க செவப்பா இருக்கறத எல்லாம் பறிச்சுட்டீங்க. பச்சையா இருந்தது தப்பிச்சுது. தப்பிச்சது விதை உதிர்த்துச்சு. அதோட புள்ளைங்க பச்சை. இப்பிடியே வருசா வருசம்."

அம்மா நிமிர்ந்தார். "அப்ப நான் பறிக்காம விட்டிருந்தா?"

"வயல் பூரா வரி இருந்திருக்கும்."

"பறிச்சா?"

"வயல் பூரா உங்க கண்ணுக்குத் தெரியாத வரி இருக்கும்."

"இதச் சொல்றதுக்கா உன்னைய பஸ் ஏத்தி ஏத்தி அனுப்பிச்சேன்?" என்றார் அம்மா.

அத்தை வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நங்கை, மருமவன் சொல்றதப் பாத்தா இத்தனை வரிக்கும் நீதான் பெத்த தாயாட்ட இருக்குது. உன்ற கண்ணு கூர்மையாக ஆக அதும் அழகாயிட்டே வந்திருக்குது. எனக்காட்டக் கண்ணு மங்கலா இருந்திருந்தா அது பாட்டுக்குச் செவப்பாவே இருந்திருக்கும்."

அத்தை விளையாட்டாகச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலேயே அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

குருவி பூச்சியைத் தேர்ந்தெடுத்தது மாதிரி எங்கள் வயலில் அம்மாவின் கண் வரியைத் தேர்ந்தெடுத்திருந்தது. அரிவாளும் தன் பங்குக்குச் செய்திருந்தது. சீக்கிரம் உதிராத வரியெல்லாம் நெல்லோடு சேர்ந்து அறுபட்டு மில்லுக்குப் போய்விட்டது. அவசரமாக உதிர்ந்ததுதான் வயலில் தங்கியது. ஆக, உதிர்வதில் கெட்டிக்காரத்தனமும் பச்சைத் தண்டும் சேர்ந்த ஒரு சாதியை எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக உழைத்து உண்டாக்கியிருந்தது. விருது கொடுக்கிற வேலை. கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இதற்கு முன்னால் அப்பா ஒரு முயற்சி செய்திருந்தார். மாமா ஒருவர் எங்கிருந்தோ கொஞ்சம் விதை கொண்டுவந்து கொடுத்தார். அந்த நெல்லுக்கு இலையே ஊதா. விதைத்துவிட்டால் வயல் பூரா ஊதாவாக நிற்கும், பச்சையாக எது தலைநீட்டினாலும் பறித்துவிடலாம், கண்ணே வேண்டாம் என்றார் மாமா. முதல் போகம் அப்படியே நடந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். ஆனால் பூக்கிற சமயத்தில் நெல்லும் வரியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் எங்கோ ஒன்றிரண்டு பூவில் மகரந்தம் மாறி விழத்தான் செய்யும். மாறி விழுந்ததில் ஊதா வரி வந்தது. பச்சை வரியை எல்லாம் நாங்களே மெனக்கெட்டுப் பறித்து அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். சில போகத்துக்குள் வயல் பூரா ஊதா, வரி உட்பட. அப்பா பழைய பச்சை நெல்லுக்கே திரும்பினார். மாமா அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் விவசாயம் பேசுவதில்லை.

அப்பா தென்னை என்று அறிவித்தபோது நான் ஒரு யோசனை சொன்னேன். விதைக்கும் முன்னால் வயலில் தண்ணீர் விட்டு வரியை முளைக்கவிடலாம், முளைத்ததும் உழுது கொன்றுவிடலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை, பலரும் செய்வதுதான். செய்தோம். ஒரு முறை முளைத்தது, உழுதோம். மறுபடி தண்ணீர் விட்டோம், மறுபடி முளைத்தது. மூன்றாவது தடவையும் அங்கங்கே பச்சை. எல்லா விதையும் ஒரே நாளில் எழுந்திருக்காது. சிலது சோம்பேறி, அடுத்த வருசம்தான் கண்ணைத் திறக்கும். உழவு சுறுசுறுப்பானதைக் கொன்றது, சோம்பேறி பிழைத்தது. எனக்கு இது மிகவும் பிடித்துப்போய், சாப்பிடும்போது, "என்ன மாதிரி ஏற்பாடு பாருங்கப்பா, ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு நேரம்" என்றேன்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நீ எந்தக் கட்சிடா?" என்று கேட்டார்.

ரெண்டு வாரம் நான் வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் யோசித்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்துப் பறித்தாலும் வரியில் அதற்குத் தப்புகிற ஒன்று இருக்கும். நிறம் பார்த்தால் நிறத்தில் தப்பும், நேரம் பார்த்தால் நேரத்தில் தப்பும். தப்பியது பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகும். அப்படியானால் பிள்ளைக்குக் கொடுக்க முடியாத ஒன்றைப் பார்த்துப் பறிக்க வேண்டும். நிற்கிற இடத்தை எந்தச் செடியும் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. உதிர்கிற மணி விழுந்த இடத்தில் முளைக்கும்.

எனவே கயிறு. வரி இல்லாத மேட்டு நிலத்தில், தென்னைக்கு நடுவே கிடைத்த இடத்தில், வெளியிலிருந்து வாங்கிய சுத்தமான விதையில் நாற்று விடுவது. கீழ்வயலில் கயிறு பிடித்து நேர்வரிசையில் நடுவது. அதன்பிறகு வரிசையில் நிற்பது நெல், வரிசைக்கு வெளியே நிற்பது வரி. அழகாக இருந்தாலும் பறி, செவப்பாக இருந்தாலும் பறி.

அப்பாவிடம் சொன்னேன். "இதுதான் கடைசி. இதுலயும் வரி வந்துச்சுன்னா தென்னம்பிள்ளை" என்றார். அம்மாவிடம் சொன்னது அதைவிடக் கடினமாக இருந்தது.

"மூஞ்சியப் பாக்காதீங்கம்மா. நிக்கிற எடத்த மட்டும் பாருங்க."

"அப்ப இத்தனை வருசமா நான் பாத்துட்டு இருந்தது?"

"அது வேண்டாம்."

"கண்ணில்லாதவ பண்ற வேலையச் சொல்ற."

"ஆமாங்கம்மா."

அம்மாவுக்கு வேறு வழியில்லை. மறுபக்கம் தென்னை நின்றது.

நடவுக்கு வங்காளத்துப் பையன்கள் வந்தார்கள். கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டு நட்டார்கள். வயல் கோடு போட்ட நோட்டு மாதிரி ஆயிற்று. கொஞ்ச நாளில் வரிசைக்கு நடுவே முளைகள் வந்தன, சொல்லி வைத்த மாதிரி. அம்மாவும் அத்தையும் இறங்கினார்கள். நான் லீவு நாள்களில் போய் வரப்பில் நின்றேன். முதல் நாள் அம்மா ஒவ்வொரு செடியையும் பறிக்கும் முன்னால் பார்த்தார். "பாக்காதீங்க" என்றேன். "கை தானா போகாது. கண்ணு போனாத்தான் கை போகும்" என்றார். அத்தைக்குப் பிரச்சினை இல்லை. அவர் எப்போதுமே பார்க்காமல்தான் பறித்துக்கொண்டிருந்தாராம். "இப்பத்தான் என்ற மொறைக்கு மதிப்பு வந்துச்சு" என்றார்.

வரிசைக்கு நடுவே இருந்தது சுத்தமாகக் காலியாயிற்று. நெல் தூர் கட்டி மூடிக்கொண்டது. அப்பா தினமும் வரப்பில் ஒரு சுற்று நடந்துவிட்டு எதுவும் சொல்லாமல் திரும்பினார். எங்கள் வீட்டில் அது நல்ல சேதி.

கதிர் வந்தது. ஒரு காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வயலில் அங்கங்கே, நெல்லுக்கு மேலே ஒரு பிடி உயரத்தில், மீசையோடு வரி நின்றது. நிறைய இல்லை. ஆனால் ஒன்றுகூட வரிசைக்கு வெளியே இல்லை. எல்லாம் வரிசைக்குள், கயிறு பிடித்த கோட்டில், பாந்தமாக நின்றன.

"நடுவுல நின்னாத்தான் வரின்னு சொன்ன" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா."

"இது எங்க நிக்குது?"

விதை கலப்படமாக இருக்குமோ என்று நாற்றங்காலுக்கு ஓடினேன். அங்கே மீந்து வளர்ந்த நாற்றில் ஒரு மீசையும் இல்லை. தண்ணீரில் மணி மிதந்து வந்து வரிசையில் ஒதுங்கியதா? வரிசை பார்த்து ஒதுங்க மணிக்கு என்ன தெரியும்? ரெண்டு நாள் வகுப்பில் பரிணாமத்தை விட்டுவிட்டு வேர் அமைப்பு நடத்தினேன். அப்பா தென்னம்பிள்ளைக்கு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். குழி எத்தனை அடி விட்டுப் போட வேண்டும் என்று அடுத்த ஆள் சொல்வதை, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து அப்பா முன்னால் நின்றார்.

"ஏனுங்க, போனை வையுங்க. அது நான் ஊனுனது."

அப்பா போனை வைக்கவில்லை, காதிலிருந்து மட்டும் எடுத்தார்.

நடந்தது இதுதான். நட்ட சில நாளில் நண்டு அங்கங்கே நாற்றை வெட்டிவிட்டது. வரிசையில் ஓட்டை விழுந்தது. மூலையில் வைத்திருந்த மிச்ச நாற்றுக் கட்டையும் யாருடைய எருமையோ தின்றுவிட்டது. அம்மா களை பறித்துக்கொண்டே போகும்போது, வரிசைக்கு நடுவே நின்ற சிலது கண்ணுக்கு அசல் நெல்லாகத் தெரிந்தது. பிடுங்கினால் வேர் அறாமல் வந்தது. நெல்லைப் பிடுங்கிவிட்டால் பிடுங்கிய கையால் ஊன்ற வேண்டும். பக்கத்தில் ஓட்டையும் இருந்தது. ஊன்றிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நெல்லுன்னு நெனச்சீங்களா, வரின்னு நெனச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான் நெனச்சேன். அத்தனை நல்லா இருக்கறதப் பறிச்சு வரப்புல எறிய எனக்குக் கை வரல."

அத்தை இதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுப் படியிலேயே சிரிக்க ஆரம்பித்தார். "வரியெல்லாம் வேஷம் போட்டுத் தப்பிச்சுதுன்னு பையன் சொன்னான். நீ ஒருபடி மேல போயி, வேஷம் நல்லாயிருக்குன்னு கூப்பிட்டு நடுவூட்டுல உக்கார வெச்சுட்டியே நங்கை!"

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்தக் கதிர் உதிர்ந்திருந்தால் அடுத்த போகத்தில் அம்மாவுக்கு மிகவும் பிடித்த வரியின் பிள்ளைகள் வயலில் கூடுதலாக இருந்திருக்கும். அதிலும் நெல்லாட்டம் இருப்பதை அம்மா ஊன்றுவார். வேர் அறாமல் வருவது, ஊன்றினால் வாடாமல் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் தகுதியாகிவிடும். கொஞ்ச காலத்தில் பறித்து நட்டால் நன்றாக வருகிற ஒரு களையை எங்கள் வீட்டில் உண்டாக்கியிருப்போம். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். உதிர இன்னும் சில நாள் இருந்தது. அம்மா மீசையைத் தேடவே இல்லை. எந்த வரிசையில் எந்த ஓட்டையில் ஊன்றினார் என்று அவருக்கு நினைவிருந்தது. நேராக அந்தந்த இடத்துக்குப் போய்க் குனிந்தார், அறுத்தார், கோணிச்சாக்கில் போட்டார். மீசை இல்லாத ஒரு செடியைக்கூட அறுத்தார். "அது நெல்லு" என்றார் அப்பா. "அதும் நான் ஊனுனதுங்க" என்றார் அம்மா. கடைசிவரை ஒன்றின் முகத்தையும் பார்க்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த முறை அதுதான். நான் வரப்பில் சும்மா நின்றேன்.

சாக்கை எரித்தபிறகு அப்பா வரப்பில் முழுச் சுற்று நடந்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "நீ சொன்ன முறை சரிதான்டா. வரிசைக்கு வெளிய ஒண்ணும் இல்ல. இப்ப இந்த வயல்ல வரி வரோணும்னா உங்கம்மா வழியாத்தான் வரோணும்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவைப் பார்க்காமலேயே, "அடுத்த போகமும் நெல்லே போடலாம். ஆனா ஓட்டை விழுந்தா ஓட்டையாவே கெடக்கட்டும். ஒண்ணும் ஊனக் கூடாது" என்றார்.

"பல்லு விழுந்த வாயாட்ட இருக்குமேங்க. ரோட்டுல போறவங்க என்ன சொல்லுவாங்க?"

"தென்னைன்னா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அம்மா அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, கெடக்கட்டும்" என்றார்.

இந்தப் போகம் நண்டு போன தடவையைவிட அதிகம். வயலில் கை அகலத்துக்கு அங்கங்கே சேறு தெரிகிறது. களை பறிக்கும்போது அம்மா ஓட்டைக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதைத் தாண்டிப் போகிறார். நேற்று ரோட்டில் வண்டியை நிறுத்திய ஒருவர், "ஏனுங்க அக்கா, இத்தனை ஓட்டையா விட்டிருக்கீங்க, நாத்துப் பத்தலீங்களா?" என்று கேட்டார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ற பையன் படிச்சவனுங்க" என்றார்.